கூரையும் இரசனையும்

வீட்டை அழகுபடுத்துவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்னும் கருத்து எம்மிடையே ஆழ வேரோடியுள்ளது. எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் இரு சாரார் இந்த ஒரு விடயத்தில் மாத்திரம் ஒன்றுபடுவதுதான் விந்தை. வசதி படைத்தோர், இரசனை என்பது பிறப்போடு வருவது, ஏழைக்கு அதற்கு நேரமும் இல்லை, தகுதியும் இல்லை என்கின்றனர். முற்போக்கு எண்ணம் கொண்ட நண்பர்களோ, சோறு முதலில், கூரை அடுத்து, அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கின்றனர். முன்னவர் கூற்றில் ஆணவம் இருக்கின்றது. பின்னவர் கூற்றில் அனுதாபம் இருக்கின்றது. ஆயினும் இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே. உழைக்கும் மனிதனுக்கு ஒரு கூரை போதும். அதன் கீழ் அவன் எப்படி வாழ விரும்புகிறான் என்று கேட்கத் தேவையில்லை.

இந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பதை வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது. போரினால் வீடிழந்து, கூடாரத்தில் வாழ்ந்து, பின்னர் பிறர் வரைந்து கொடுத்த வீட்டுக்குள் குடியேறிய மக்கள் இங்கே பல்லாயிரவர். வீட்டின் அழகு பற்றி எங்காவது பேசவேண்டுமானால் அதனை இங்கேதான் பேசவேண்டும்.

எமது ஞாயிறு இதழ்களில் வீட்டலங்காரத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கப்படுவதை வாசகர் அறிவர். பருவத்துக்கேற்ப வீட்டை மாற்றுங்கள் என்று அங்கே அறிவுரை கூறப்படுகிறது. வசந்தத்துக்கு வெளிர்நிறத் திரைச்சீலை. இலையுதிர் காலத்துக்குக் கபிலநிற விரிப்பு. பனிக்காலத்துக்குத் தடித்த கம்பளம். இவை எந்த நாட்டுப் பருவங்கள்? முல்லைத்தீவிலே இலையுதிர்காலம் எப்போது வருகிறது? கிளிநொச்சியில் எந்த மாதம் பனி கொட்டுகிறது? எங்கோ அச்சான ஒரு பக்கத்தை மொழிபெயர்த்து, இங்குள்ள வானத்தை ஒருமுறையேனும் நிமிர்ந்து பாராமல் எழுதப்பட்ட அறிவுரைகள் இவை. இவற்றைப் படிக்கும் எமது மாணவி, தன் தாய் ஆண்டுதோறும் செய்துவரும் காரியத்துக்கு அழகு என்ற பெயரே கிடையாது என்று எண்ணிவிடுகிறாள். இதுவே இப்பக்கங்கள் விளைக்கும் பெருந்தீங்கு.

பருவத்துக்கேற்ப வீட்டை மாற்றியமைப்பது எமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை, பிரிவால் வருந்தும் அரசியையும் பாசறையில் உறங்காத வேந்தனையும் பாடும் நூலாகவே வகுப்பறைகளில் விளக்கி முடித்துவிடுகிறோம். நக்கீரர் அதனுள் கூதிர்காலத்து வீட்டையும் பாடியிருக்கிறார். கோடையில் வீசிய விசிறி சுருக்கப்பட்டு முளையிலே தொங்குகிறது. சிலந்தி அதில் நூல் பின்னிவிட்டது. சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கிறது. மேன்மாடத்துப் படுக்கையை எவரும் நாடவில்லை. சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குளிர்ந்த நீர்க்கலத்தைத் தேடிய மக்கள் இப்போது நெருப்பிட்ட தடாவைத் தேடுகின்றனர். ஒரு பருவம் வீட்டுக்குள் நுழையும்போது பொருள்கள் எவ்வாறு இடம் மாறுகின்றன என்பதை இதைவிட நுணுக்கமாக எவரும் எழுதிவிடவில்லை.

ஆனால் அதே நூலின் தொடக்கத்தை நினைவுகூர்வோம். அதே மழையில் ஆயர் தம் நிரைகளை வெள்ளத்திலிருந்து மேட்டுநிலத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போகின்றனர். பழகிய நிலத்தைப் பிரிந்த கலக்கம் அவர்களைப் பற்றியிருக்கிறது. நனைந்த உடலோடு, கையிலே கொள்ளியை ஏந்தி, கன்னம் நடுங்க நிற்கின்றனர். மாடத்தில் வாழ்வோருக்குப் பருவமாற்றம் பொருள்களை இடம் மாற்றும் வேலை. ஆயருக்கோ தாமே இடம் பெயரும் துயரம். நக்கீரர் இவ்விரு காட்சிகளையும் ஒரே பாட்டில் வைத்தார். இடையிலுள்ள உறவை அவர் சொல்லவில்லை. சொல்வது விமர்சகனின் வேலை. அழகுணர்ச்சி மாடத்தில் உண்டு, ஆயரிடம் இல்லை என்பதன்று பொருள். அழகுணர்ச்சி செயற்படுவதற்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும் என்பதே பொருள். நிலைத்த இடம் உள்ளவனே விசிறியை மடித்துத் தொங்கவிட முடியும்.

அந்த இடம் எளியதாக இருந்தாலும் போதும் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை சான்று. எயினர் குடிசையின் ஈந்தோலைக் கூரையை முள்ளம்பன்றியின் முதுகுக்கு ஒப்பிட்டு மகிழ்ந்த புலவர் உருத்திரங்கண்ணனார், ஆயர் குடிலையும் உழவர் மனையையும் அதே கவனத்தோடு நோக்கினார். தொழிலுக்கொரு வீடு, நிலத்துக்கொரு கூரை என்ற உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்து விமர்சனந்தான் கோபுரத்தை நோக்கிய கண்ணைக் குடிசையின்மேல் வைக்க மறந்தது.

வன்னியின் பழைய கமக்காரக் குடும்பத்தின் வீட்டை நோக்குவோம். பாலையும் முதிரையும் கப்பாக நிற்க, மேலே காட்டுத்தடிகளும் பனஞ்சிலாகைகளும் வரிசையிட, கிடுகோ பனையோலையோ வைக்கோலோ இலுக்குப்புல்லோ வேய்ந்த வீடு அது. அரைச்சுவர் களிமண்ணால் ஆனது; தரையும் குந்தும் புற்றுமண்ணும் சாணமும் கொண்டு மெழுகப்பட்டவை. சமையற்கொட்டில் தனியாக நிற்கும். அறைகள் குறைவு, ஆனால் முற்றம் பெரியது. வாழ்க்கையின் பெரும்பகுதி கூரைக்குக் கீழே நடப்பதில்லை. முற்றத்திலும் தாவாரத்திலும் வேம்பின் நிழலிலும் நடைபெறுகிறது.

இந்த வீடு ஆண்டு முழுவதும் ஒரேமாதிரி இருப்பதில்லை. வன்னிக்கு மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆதலால் ஆவணி, புரட்டாதியிலேயே வீடு மேய்தல் தொடங்கிவிடும். உக்கிய ஓலை கழற்றப்பட்டுப் புதிய கிடுகு ஏறும். தாவாரத்தைச் சுற்றித் தூவானம் அடிக்காதபடி செத்தைகள் கட்டப்படும். விறகு வெட்டவெளியிலிருந்து இறப்புக்குள் வரும். ஆட்டுக்கும் கோழிக்கும் மேட்டில் இடம் ஒதுக்கப்படும். முற்றத்தைச் சுற்றி நீரோட வாய்க்கால் வெட்டப்படும். தை பிறக்குமுன் மழை கரைத்த சுவர் மீண்டும் பூசப்பட்டு, முற்றம் மெழுகப்பட்டு, கோலத்துக்கும் பொங்கற் பானைக்கும் இடம் ஆயத்தமாகும். காலபோக நெல் வீட்டுக்கு வந்ததும் ஒரு மூலை முழுவதும் அதற்கே சொந்தமாகிவிடும்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும் வைகாசியளவில் நிலைமை முற்றாக மாறுகிறது. சோளகம் புழுதியை வாரிக்கொண்டு வீசுகிறது. மாரியில் இறுகக் கட்டிய செத்தைகள் அவிழ்க்கப்பட்டு, காற்று வரும் பக்கம் திறந்தும், புழுதி வரும் பக்கம் மறைந்தும் இருக்குமாறு மாற்றிக் கட்டப்படுகின்றன. பாய்கள் முற்றத்துக்கு வந்துவிடுகின்றன; அடுப்பும் சில வீடுகளில் மரநிழலுக்குப் பெயர்கிறது. தண்ணீர்க்குடம் வேம்பின் கீழ் ஈரமணலில் அமர்கிறது. நக்கீரர் மாடத்திலே கண்டது இந்தக் கொட்டிலிலும் நடைபெறுகின்றது. திரைச்சீலையை மாற்றும் கலையைப் படிக்கவேண்டிய நிலையில் இவர்கள் இல்லை. இவர்கள் மாற்றுவது சுவரையே.

இவற்றுள் பயன் எது, அழகு எது என்று பிரித்துக்காட்ட முடியுமா? மழை ஒழுகாமல் இருக்கவே கிடுகு வேயப்படுகிறது. ஆனால் வரிசை பிசகாமல், இறப்பு ஒரே மட்டத்தில் நிற்க வேய்ந்தால்தான் வேய்ந்தவனுக்கு மனம் ஆறுகிறது. புழுதி அடங்கவே தரை மெழுகப்படுகிறது; ஆனால் கைவிரல்களின் வளைவு அலையலையாகத் தரையில் பதியும்படி மெழுகுவது எதற்காக? பால்மாப் பேணியில் குரோட்டன் வைத்துப் படலைக்கு இருபுறமும் நிறுத்துவது எந்தப் பசியைத் தீர்க்கிறது? கை தன் வேலையை முடித்த பின்னும் இன்னும் ஒரு கணம் தங்கி நிற்கிறது. அந்த மிகுதிக் கணத்தில் பிறப்பதே இரசனை. செல்வத்தின் மிகுதியில் அது பிறப்பதாகச் சொல்வது செல்வர்கள் தமக்காகச் செய்துகொண்ட இலக்கணம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மண்வீட்டைப் பாடிப் பரவசப்படுவது எமது நோக்கமன்று. ஓலைக்கூரையில் பாம்பும் இருந்தது. தீப்பொறி ஒன்று விழுந்தால் வீடே இல்லாமற் போனது. ஆண்டுதோறும் மெழுகியும் பூசியும் முதுகு வளைந்தவள் பெண். வீட்டின் அழகை ஆக்கியவள் அவள். வீட்டின் பெருமையைத் திண்ணையிலிருந்து பேசியவன் ஆண். அந்தத் திண்ணையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. எவர் திண்ணையில் அமரலாம், எவர் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. இடத்தை ஒழுங்குபடுத்துதல் என்பது மனிதரை ஒழுங்குபடுத்துதலாகவும் இருந்தது. பழமையின் அழகைப் போற்றுவோர் இந்த உண்மையைச் சாணத்தால் மெழுகி மறைத்துவிடக் கூடாது. நாம் மீட்க விரும்புவது பழைய கொட்டிலையன்று. அதைத் தன் விருப்பப்படி மாற்றியமைத்த மனிதனின் உரிமையையே.

எமது இலக்கியம் இதனை எவ்வளவு தூரம் கண்டுகொண்டது? வன்னி நாவல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அ. பாலமனோகரன் எழுதி 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த 'நிலக்கிளி'. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட இந்நாவலை மண்வாசனைக்காக நாம் புகழ்ந்தோம். காட்டையும் வேட்டையையும் பேச்சுமொழியையும் எடுத்துக்காட்டினோம். ஆனால் அதன் நடுவில் எழும்பும் ஒரு வீட்டை எம்மிற் பலர் கவனிக்கவில்லை. தந்தை கோணாமலையாரின் எதிர்ப்பினால் அவர் நிழலை விட்டு வெளியேறும் கதிராமன், காட்டை வெட்டி, தன் உழைப்பினாலேயே பதஞ்சலியுடன் குடியிருக்க ஓர் இடத்தை ஆக்குகிறான். நாவலின் அறம் இந்தச் செயலில்தான் இருக்கிறது. தந்தையின் சொத்தாகிய வீட்டுக்கும், இருவரின் உழைப்பாகிய வீட்டுக்கும் உள்ள வேறுபாடே கதையின் உள்முரண். சுந்தரம் என்ற இளம் ஆசிரியனின் வருகையால் பதஞ்சலியின் வாழ்வில் நேரும் கலக்கத்தை வாசகன் உணர்வதும், அந்த வீடு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அவன் அறிந்திருப்பதனாலேயே. நிலத்தோடு ஒட்டி வாழும் பறவையின் பெயரை நாவலுக்குச் சூட்டிய ஆசிரியர், உயரப் பறப்பதைவிட ஊன்றி நிற்பதையே பெரிதாகக் கருதினார் எனலாம்.

பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் எழுத்து இதற்கு அடுத்த படி. அவருடைய 'பச்சை வயல் கனவு' என்னும் நாவல், காடாயிருந்த கிளிநொச்சி நிலம் குடியேறியவர்களின் உழைப்பால் வயலாகவும் ஊராகவும் மாறிய கதையைத் தலைமுறைகளின் ஊடாகச் சொல்கிறது. போர்க்காலத்து இடப்பெயர்வுகளை அவர் தம் சிறுகதைகளில் பதிந்தார். பெண்ணெழுத்தாளர் கையில் வீடு வெறும் பின்னணியாக நின்றுவிடுவதில்லை. அது உழைப்பின் களமாக மாறுகிறது. இத்தகைய எழுத்தை 'குடும்பக் கதை' என்று ஒதுக்கும் விமர்சனம், வீட்டுக்குள் நடக்கும் உழைப்பை உழைப்பாகவே ஏற்றுக்கொள்ளாத விமர்சனமாகும். அதனை முற்போக்கு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

போர் இந்த வீடுகளுக்கு என்ன செய்தது என்பதை வாசகர் அறிவர். ஆனால் ஒரு விடயத்தை மறந்துவிடலாகாது. 2008ஆம் ஆண்டு போர்முனை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, வன்னி மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல்மூடைகளையும் பாத்திரங்களையும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. கூரைத் தகரங்களையும் ஓடுகளையும் கழற்றி ஏற்றினர். கதவுகளையும் யன்னல் நிலைகளையும் பெயர்த்து ஏற்றினர். அடுத்த ஊரில் இறங்கி, அதே கதவை மீண்டும் நாட்டினர். ஒவ்வோர் இடப்பெயர்விலும் அந்தப் பாரம் குறைந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலைக் கடந்தபோது பலரிடம் உடுத்த துணியைத் தவிர எதுவும் இல்லை. கதவைச் சுமந்துகொண்டு ஓடிய ஒரு சனத்தைப் பார்த்து, இவர்களுக்குக் கூரை மட்டும் போதும் என்று சொல்ல எவருக்கு நா எழும்?

அதன்பின் வந்தது வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் முட்கம்பிக்குள் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரே அளவான கூடாரங்களில் இருத்தப்பட்டனர். 2012 செப்டெம்பரில்தான் அம்முகாம் முற்றாக மூடப்பட்டது. கூடாரத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே துணிதான். எதையும் கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. பருவத்துக்கு மறுமொழி சொல்லும் ஆற்றலை மனிதனிடமிருந்து பறித்துவிட்டால் எஞ்சுவது வீடன்று, களஞ்சியம். மனிதர் அங்கே அடுக்கி வைக்கப்பட்டனர்.

மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டங்கள் வந்தன. அவற்றுள் பெரியது 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். அவற்றுள் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியன. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டட வேலை முன்னேறும் படிநிலைக்கேற்பத் தவணைகளாக வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி. வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறை கையாளப்பட்டது. இம்முறையைப் பாராட்டவேண்டும். மேசனைத் தெரிவு செய்வதும், வாசலை எத்திசைக்கு வைப்பதும், மணலுக்கு விலை பேசுவதும் வீட்டுக்காரரின் கையில் இருந்தன. பதினைந்து, இருபது ஆண்டுகளாகத் தம் வாழ்வில் எதையும் தாமே தீர்மானிக்க முடியாதிருந்த மக்களுக்கு இது சிறிய விடயமன்று.

ஆனால் கட்டடப் பொருள்களின் விலை ஏறியது. கொடுத்த தொகைக்கும் முடிக்கவேண்டிய வீட்டுக்கும் இடையில் பள்ளம் விழுந்தது. நகை அடகுக்குப் போனது. நுண்கடன் நிறுவனங்கள் படலைக்கு வந்தன. அப்போது எழுந்த ஒரு குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. "திட்டத்தில் உள்ளபடி கட்டாமல் விறாந்தை நீட்டினார்கள், தூணுக்குப் பூ வைத்தார்கள், நிறம் பூசினார்கள், கடன்படாமல் என்ன செய்வார்கள்?" என்று சொல்வோர் உண்டு. இக்குற்றச்சாட்டை ஆராய்வோம். விறாந்தை இல்லாத வீடு வன்னியில் வீடாகுமா? தூவானத்தைத் தடுப்பது எது? வந்தவரை இருத்துவது எங்கே? விறகடுப்பை நம்பி வாழும் குடும்பத்துக்கு வீட்டுக்குள்ளே சிறு சமையலறையைக் கொடுத்தால், புகை படுக்கையறைக்கு வருகிறது. ஆகவே பின்பக்கத்தில் தகரமும் கிடுகும் கொண்டு மீண்டும் ஒரு சமையற்கொட்டில் எழுகிறது. இவற்றை ஆடம்பரம் என்று கணக்கெழுதியவர் ஒருநாளாவது ஈரவிறகு ஊதியிருக்கமாட்டார். வரைபடத்தில் விடுபட்டதை வீட்டுக்காரி தன் தாலிக்கொடியை அடகு வைத்து நிரப்பினாள். குறை வரைபடத்துக்கு உரியது. கடன் மட்டும் அவளுக்கு உரியதாயிற்று.

இதற்கு மறுபுறத்தில், கேளாமலே கொடுக்க முனைந்த திட்டம் ஒன்றும் இருந்தது. 2016ஆம் ஆண்டில் பெரும் விவாதத்துக்குள்ளான 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் அவை. ஆர்செலர் மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனத்துக்கு வழங்கப்படவிருந்த அத்திட்டத்தில் ஒரு வீட்டின் செலவு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா எனக் கணக்கிடப்பட்டது. தளபாடங்களும் சேர்த்தே தரப்படும் என்றனர். கட்டில் எங்கே, மேசை எங்கே என்பதுவரை கொழும்பில் தீர்மானமாகிவிட்டது. வன்னி வெயிலில் உலோக வீடு எப்படி இருக்கும், நாளை ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட முடியுமா, விறகடுப்பின் புகை எவ்வழியாகப் போகும், உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் இதில் என்ன வேலை என்ற கேள்விகளைப் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எழுப்பினர். அந்த 65,000 வீடுகளும் எழவில்லை. எதிர்த்தவர்களைப் பார்த்து, கொட்டிலில் இருப்பவனுக்கு எதைக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களும் இருந்தனர். இக்கட்டுரையின் தொடக்கத்தில் சுட்டிய கருத்து வெறும் பேச்சோடு நிற்பதில்லை. ஒரு கேள்விமனுப் பத்திரமாகவும் வந்து நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

கேட்டுக் கட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். எமது நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1950களின் பிற்பகுதியில் வத்தபுளுவ வீடமைப்புத் திட்டத்தை அமைத்தபோது, குடியேறவிருந்த அரச ஊழியர் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எது வேண்டும் என்று கேட்டறிந்தே வீடுகளை வரைந்தார். வெவ்வேறு இனத்தவரும் வெவ்வேறு வருமானத்தினரும் அங்கே குடியேறினர். அன்று அரச ஊழியருக்குக் கிடைத்த மரியாதை, அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் போரில் அனைத்தையும் இழந்த கமக்காரருக்குக் கிடைக்கவில்லை.

அப்படியாயின் மக்களின் இரசனை என்பதெல்லாம் குறைகூற முடியாததா? அன்று. இரசனைக்கும் வர்க்கச் சூழல் உண்டு. அதனைக் கெடுக்கும் சக்திகளும் உண்டு. இன்று கிளிநொச்சி ஏ9 வீதியில் நடந்தால் தவணைமுறைக் கடைகளின் விளம்பரங்கள் எம்மை மறிக்கின்றன. பளபளக்கும் தரைக்கல், பிளாஸ்டிக் பூங்கொத்து, இலையுதிர் காட்டின் பெரும் படம், மாதாமாதம் கட்டி முடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டைப் பார்த்து, பணம் வராத வீடும் அதே தூணை எழுப்பக் கடன்படுகிறது. முற்றம் முழுவதும் சீமெந்து பூசப்படுகிறது. வேம்பு குப்பை கொட்டுகிறதென்று தறிக்கப்படுகிறது. பின்னர் வெக்கை தாங்கவில்லையென்று மின்விசிறி வாங்கப்படுகிறது. இதுவும் வரைபடக்காரரின் அதிகாரம் போன்றதே. முன்னது ஆணையிட்டது; இது ஆசை காட்டுகிறது. இரண்டிலும் வீட்டுக்காரியின் கை வேலையற்றுப் போகிறது.

ஆங்கிலேயச் சமவுடைமையாளர் வில்லியம் மொரிஸ் (1834 - 1896) தம் வாழ்நாள் முழுவதும் இந்த முரணோடு போராடினார். அழகிய வீட்டுப் பொருள்கள் எல்லா மக்களுக்கும் வேண்டும் என்று அவர் கருதினார். ஆனால் அவருடைய பட்டறையில் செய்த சுவர்த்தாள்களையும் திரைகளையும் வாங்க வல்லவர்கள் பணக்காரர்களாகவே இருந்தனர். அழகை மக்களுக்கு விற்பதனால் இச்சிக்கல் தீராது என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம். மக்கள் தாமே அழகை ஆக்குவதற்கு வேண்டிய ஓய்வும் நிலமும் பாதுகாப்பும் கிடைத்தாலன்றி, இரசனை பற்றிய உபதேசம் அனைத்தும் கடைக்காரனுக்கே உதவும்.

நிலம் என்றேன். அதுவே அடித்தளம். 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள், இங்கே காட்டை வெட்டி முதன்முதலாக ஒரு முற்றத்தைக் கண்டனர். ஆனால் அவர்களுள் எத்தனையோ பேர் காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாமையால் வீட்டுத்திட்டங்களின் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். நாளை எழுப்பிவிடக்கூடிய நிலத்தில் எவர் பலா நடுவார்? எவர் சுவருக்கு நிறம் தெரிவார்? முல்லைத்தீவு மாவட்டத்துப் பிலக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு 2017 ஜனவரி இறுதியில் முகாம் வாசலில் அமர்ந்தனர். வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் குழந்தைகளோடு இருந்து, மார்ச் முதலாம் நாள் நிலத்தைப் பெற்றனர். அவர்கள் கேட்டது எவ்வளவு சதுர அடி என்பதையன்று. எது தமது முற்றமோ அதையே கேட்டனர்.

இத்தனையும் சொன்னது, இலக்கிய விமர்சனத்துக்கும் கல்விக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு என்பதை வற்புறுத்தவே. 'எனது வீடு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், எமது மாணவர்கள் பாடப்புத்தகத்து வீட்டை எழுதுகிறார்கள். முன்னே பூந்தோட்டம், உள்ளே வரவேற்பறை, சுவரிலே மணிக்கூடு. தம் வீட்டின் செத்தையும் பின்பக்கத்துச் சமையற்கொட்டிலும் தமிழில் எழுதத்தக்க பொருள்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. அந்த நம்பிக்கையைக் கொடுப்பது ஆசிரியர்களாகிய எமது கடமை. ஆவணியில் உன் வீட்டில் எது இடம் மாறுகிறது, வைகாசியில் எது வெளியே வருகிறது, அதை மாற்றுபவர் யார், அவர் எதற்காக அப்படி வைக்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்வோம். ஒரு வகுப்பின் முப்பது கொப்பிகளில் வன்னியின் கட்டடக்கலை நூல் ஒன்று உருவாகிவிடும். அதில் தாயின் பெயரும் இடம்பெறும்.

எழுத்தாளர்களுக்கும் இதே வேண்டுகோள். போரில் இடிந்த வீட்டை எழுதிவிட்டோம், இனியும் எழுதுவோம். ஆனால் இடிந்த இடத்தில் மீண்டும் ஒருத்தி கோலமிட எந்த மூலையைத் தெரிந்தெடுத்தாள் என்பதையும் எழுதவேண்டும். திட்டங்கள் வீடுகளை எண்ணிக்கையாகக் காண்கின்றன. கடைகள் அவற்றைச் சந்தையாகக் காண்கின்றன. அவற்றை மனிதரின் ஆக்கமாகக் காணவேண்டியது இலக்கியம்.

அடுத்த வீட்டுத்திட்டம் வரும்போது வரைபடத்தோடு வரும் அலுவலரிடம் நாம் வைக்கவேண்டிய முதற் கோரிக்கையும் இதுவே. காணிக்கு உறுதி கொடுங்கள். கடனில்லாமல் முடிக்கப் போதிய பணம் கொடுங்கள். பிறகு, அடுப்பை எங்கே வைப்பது என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேளுங்கள்.